மார்கழியில் இறங்கிய சர்க்கரை

மார்கழி 2, செவ்வாய்

எங்கள் வீட்டில் குளுக்கோமீட்டர் 200ஐத் தாண்டினால் விசாரணை நடக்கும். யார் இனிப்புக் கொடுத்தது, மத்தியானம் எத்தனை கரண்டி சோறு என்று குடைந்துவிடுவோம். 80 காட்டினால் எல்லோருக்கும் சந்தோஷம். இறங்கியது ஏன் என்று யாரும் கேட்டதில்லை. இன்று கேட்க வேண்டியதாயிற்று.

ரங்கநாதரைச் சேவித்துவிட்டு வந்த அத்தை, பூக்காரி மீதிச் சில்லறை தரவில்லை என்று கோபப்பட்டார். அவருடைய சுருக்குப்பையிலேயே அது இருப்பதைக் காட்டினேன். பார்த்துவிட்டு, முதலிலிருந்து அதே புகாரை ஆரம்பித்தார். விடியற்காலைப் பனியில் நடந்து வந்தவருக்குப் பின்கழுத்து வேர்த்து நனைந்திருந்தது. குளுக்கோமீட்டரில் 58.

70க்குக் கீழே போனாலே லோ சுகர். 54க்குக் கீழே போனால் மூளைக்குப் போகும் தீனி குறைந்து, பேச்சும் நிதானமும் தடுமாறும். பையன் மைசூர்பாகு டப்பாவோடு ஓடிவந்தான். அதிலிருக்கும் நெய், சர்க்கரை சீக்கிரம் ரத்தத்தில் சேர விடாது என்று தடுத்துவிட்டு, குளுக்கோஸ் பவுடர் மூன்று டீஸ்பூன், அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். 15 நிமிஷம் கழித்து மறுபடி விரலில் குத்திப் பார்த்ததில் 92. அதன்பிறகு இட்லி. அந்த 15 நிமிஷம் பொறுப்பதுதான் கஷ்டம். பயத்தில் அள்ளி அள்ளிக் கொடுத்தால் மத்தியானம் 300ல் நிற்கும்.

மார்கழி 4, வியாழன்

ஏன் இறங்கியது என்பதற்கு விடை கடிகாரத்தில் இருந்தது. மற்ற மாதங்களில் அத்தைக்கு ஏழரை மணிக்கு ஊசி, எட்டு மணிக்குள் பலகாரம். மார்கழி பிறந்ததும், ஒரு வேலை முடியட்டும் என்று ஐந்து மணிக்கே ஊசி போட்டுக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறார். பிராகாரத்தில் நடை, வரிசையில் நிற்பது, திரும்பும்போது ஏழேகால். அவர் போடுவது 30/70 கலவை இன்சுலின். போட்ட அரைமணிக்குள் சாப்பிட வேண்டும்.

நீரிழிவு இல்லாதவர் பட்டினியாக நடந்தால் கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். கல்லீரல் தன் இருப்பிலிருந்து சர்க்கரையை எடுத்து விடும். ஊசியில் போன இன்சுலினை அப்படித் திரும்ப அழைக்க முடியாது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டு வழக்கத்தை மாற்றினோம். கோயில் முதலில், ஊசி பிறகு, அதுவும் தட்டில் பலகாரம் தயாரானபின். கிளம்புமுன் ஒரு முறை சர்க்கரை பார்த்து, ஒரு டம்ளர் பால் குடிக்க வேண்டும். இடுப்புச் சுருக்குப்பையில் சில்லறையோடு ஒரு குளுக்கோஸ் பொட்டலமும்.

மார்கழி 7, ஞாயிறு

“லோ சுகர்னா கை நடுங்கும், படபடன்னு வரும். அத்தைக்கு அது ஒண்ணும் இல்லையே” என்றார் பக்கத்து வீட்டு அக்கா. உண்மைதான். அத்தை ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரலால் சாப்பிடுகிறார். அந்த வகை மாத்திரைகள் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடக்கூடும். வேர்வையை மறைக்காது. ஆகவே எங்களுக்குக் கிடைக்கும் அடையாளங்கள் இரண்டே: நனைந்த கழுத்து, காரணமில்லாத கோபம். வெளியூரில் யாராவது இதைப் பார்த்தால் வயதான காலத்துப் பிடிவாதம் என்பார்கள். ஆண்பிள்ளையாக இருந்தால் குடித்திருக்கிறார் என்றும் சொல்வார்கள்.

இன்னொன்றும் உண்டு. அடிக்கடி இறங்கினால் உடம்பு எச்சரிப்பதையே குறைத்துவிடும். சில வாரங்கள் இறங்கவே விடாமல் பார்த்துக்கொண்டால் அந்த எச்சரிக்கை பெரும்பாலும் திரும்பிவிடும் என்பதுதான் ஆறுதல்.

மார்கழி 11, வியாழன்

மருந்துக்கடையில் ஒருவர் இன்சுலின் பாட்டிலோடு “ஏதோ ஒரு சிரிஞ்ச் கொடுங்க” என்றார். கடைக்காரர் பாட்டிலை வாங்கி லேபிளைப் படித்த பிறகே சிரிஞ்சை எடுத்தார். நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள பாட்டிலும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் பாட்டிலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! அத்தையின் பாட்டில் டப்பாமீதும் சிரிஞ்ச் கவர்மீதும் ‘40’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

மார்கழி 17, புதன்

டாக்டரிடம் போனோம். மூன்று மாதச் சராசரியான ஹெச்பிஏ1சி 6.4. என் வீட்டுக்காரர் முகத்தில் பெருமிதம். டாக்டர் முகத்தில் இல்லை. “74 வயசுல, இன்சுலின் போட்டுக்கிட்டு 6.4னா, நடுவுல எத்தனை தடவை இறங்கிச்சுன்னு கேக்கணும்” என்றார். 250ம் 50ம் சேர்ந்தாலும் சராசரி அழகாகத்தான் இருக்கும்.

இந்தப் பாடம் மருத்துவ உலகுக்கே மெதுவாகத்தான் வந்தது. 1993ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வான டிசிசிடி, முதல்வகை நீரிழிவில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகம், நரம்பு காப்பாற்றப்படும் என்று நிறுவியது. கூடவே, கடுமையான லோ சுகர் சுமார் மூன்று மடங்கானது என்றும் காட்டியது. இதய நோய் அபாயம் மிகுந்த இரண்டாம்வகை நோயாளிகளை வைத்து நடந்த அக்கார்டு ஆய்வில், ஹெச்பிஏ1சியை 6க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் இறப்புகள் கூடியதால் 2008ல் அந்தச் சிகிச்சையை நிறுத்தினார்கள். லோ சுகர்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் ஒரே இலக்கு என்ற எண்ணம் ஆட்டம் கண்டது. பல நோய்கள் உள்ள முதியவர்களுக்கு 8க்குக் கீழே இருந்தால் போதும் என்று இப்போது தளர்த்துகிறார்கள்.

அத்தைக்குக் கிரியேட்டினினும் ஏறியிருக்கிறது. சிறுநீரகம் சோர்ந்தால் இன்சுலின் உடம்பில் கூடுதல் நேரம் தங்கும். ஊசியோடு சாப்பிட்டுவந்த கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையை டாக்டர் நிறுத்தினார், இரவு ஊசியின் அளவைக் குறைத்தார். விடியற்காலை மூன்று மணிக்கு எப்போதாவது சர்க்கரை பார்க்கச் சொன்னார். கெட்ட கனவு, நனைந்த தலையணை, காலையில் தலைவலி இருந்தால் கட்டாயம்.

மார்கழி 20, சனி

பையனுக்கும் பெண்ணுக்கும் பாடம் எடுத்தேன். பாட்டிக்கு நினைவிருந்து விழுங்க முடிந்தால் குளுக்கோஸ். நினைவில்லை என்றால் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக்கூடாது, அது நுரையீரலுக்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குப் போன். பக்கத்து வீட்டு அக்கா, தன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரைத் தண்ணீர் போதாதா என்றார். அவர் இன்சுலினோடு வோக்லிபோஸும் சாப்பிடுகிறார். வீட்டுச் சர்க்கரை குடலில் உடைவதையே அந்த மாத்திரை தாமதப்படுத்தும். அவருக்குக் குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும்.

மார்கழி 26, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. “அறுபது வருஷமா இருக்கேன், ஒரு நாள் பட்டினில என்ன ஆயிடும்?” என்று அத்தை ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்திவிட்டுப் பட்டினி இருப்பதும் தப்பு, முழு அளவு போட்டுக்கொண்டு இருப்பதும் தப்பு. “பெருமாள் பலகாரம் வேண்டாம்னு சொல்லலையே, அத்தை” என்றேன். டாக்டர் இன்றைக்கென்று சொன்ன குறைந்த அளவோடு, காலையும் இரவும் கோதுமை ரவை உப்புமா, நடுவில் பாலும் பழமும். பரமபத வாசல் திறந்ததை டிவியில் சேவித்தார். கூட்டம் குறைந்தபின் நேரில் போவதாக ஒப்பந்தம். நாளின் மிகக் குறைந்த அளவு 104.

மார்கழி 27, சனி

துவாதசிப் பாரணை. அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய் எல்லாம் இலையில் விழுந்தபின்தான் ஊசி. சாப்பாட்டுக்குமுன் 121.

கும்பகோணத்திலிருந்து சின்ன மாமா பேசினார். “எனக்குக் காலைல 65ம்மா! சின்னப் பையன் சுகர்னு எல்லாரும் சொல்றாங்க.” 79 வயது, தனியாக இருக்கிறார். மாத்திரைப் பட்டையைப் பார்த்துப் படிக்கச் சொன்னேன். கிளிபென்கிளமைடு. நெடுநேரம் வேலை செய்வது, முதியவர்களுக்குத் தவிர்க்கச் சொல்லப்படுவது.

“சாப்பிட்டீங்களா, மாமா?”

“இல்லம்மா, இனிமேதான்.”

“முதல்ல மூணு ஸ்பூன் குளுக்கோஸ், அப்புறம் டிபன். இன்னைக்கு மாத்திரை போடறதுக்கு முன்னாடி டாக்டருக்குப் போன் பண்ணி 65னு சொல்லுங்க. பெருமையெல்லாம் அதுக்கப்புறம் பட்டுக்கலாம்.”