ஒன்பதாம் மாடியில் ஒரு கடல்

சிங்கப்பூர் என்றால் நம்மவருக்கு சிராங்கூன் ரோடு, முஸ்தபா கடை, தங்கம், சென்ட் இவைதாம் நினைவுக்கு வரும். தங்கை வீட்டில் ஒரு மாதம் தங்கியதில் என்னைக் கட்டிப் போட்டது இவை எதுவுமில்லை. அவள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் கடல்தான்!

அரசாங்க அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி. மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி. மீன் நாலே நாலு, மற்றதெல்லாம் பவளம். கழுத்தில் கோத்துப் போடுகிற சிவப்பு மணியை நினைத்துக் கொள்ளாதீர்கள். இது மென்பவளம், கல்கூடு கட்டாத ஜாதி. ஒன்று நாய்க்குடை மாதிரி விரிந்து நிற்கிறது. இன்னொன்று, கை தட்டப் பழகும் குழந்தை மாதிரி குட்டிக் கைகளை மூடி மூடித் திறக்கிறது.

"என்னடி செடி இது?" என்றேன்.

"செடியில்லேக்கா, பிராணி. இதன் உடம்புக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கு. விளக்கு வெளிச்சத்தில் அது சமைச்சுப் போடும், இது சாப்பிடும்" என்றாள். சமையலறை வயிற்றுக்குள்ளேயே! கொடுத்து வைத்த ஜன்மம்.

இந்த மாதிரித் தொட்டிக்கு வழி காட்டியவர்களில் ஒருவர், நம் பக்கத்து ஆசியாக்காரர்தான். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், உயிருள்ள கடல் பாறைகளைப் போட்டுத் தொட்டி வளர்ப்பதைப் பற்றி 1961ல் அமெரிக்க மீன் பத்திரிகை ஒன்றில் எழுதினாராம்.

வேலை அதிகமில்லை, ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். நல்ல சுத்திகரித்த தண்ணீரில் இதற்கென்று விற்கும் கடல் உப்பைக் கரைக்கிறார்கள். சமையல் உப்பு உதவாது. உப்பு மானியில் 1.025 காட்ட வேண்டும். தினமும் கொஞ்சம் நீர் ஆவியாகும். அதற்கு ஈடாக உப்பில்லாத வெறும் தண்ணீரைத்தான் விட வேண்டும். குழம்பு வற்றினால் வெந்நீர் விடுகிறோமே, மறுபடி உப்பா போடுகிறோம்? அதே கணக்கு. வாரம் ஒரு முறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுகிறாள். நாளுக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் நீல விளக்கு. அந்த ஊர் வெயிலுக்குத் தண்ணீர் முப்பது டிகிரிக்குப் போய்விடும் என்பதால், இருபத்தாறில் நிறுத்த ஒரு குளிர்விக்கும் மெஷின். அது சாப்பிடுகிற கரண்டைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை!

நான் இருந்தபோதே நாய்க்குடைப் பவளம் சுருங்கி, தோல் பளபளவென்று மெழுகு பூசியது போல ஐந்து நாள் கிடந்தது. செத்துப் போச்சு என்று புதிதாக வளர்ப்பவர்கள் தூக்கி எறிந்து விடுவார்களாம். ஆறாம் நாள் மேல்தோலை உரித்து விட்டு முன்னைவிட அழகாக விரிந்தது. இந்த ஜாதிக்கு அண்டை வீட்டாரோடு ஒத்துப் போகாது. பக்கத்துப் பவளம் வளராதபடி தண்ணீரில் எதையோ கசிய விடுமாம். அதற்குக் கரிப் பை ஒன்று தொட்டியிலேயே கிடக்கிறது.

ஒரு ஞாயிறன்று மெரினா சவுத் துறையிலிருந்து படகேறி செயின்ட் ஜான்ஸ் தீவுக்குப் போனோம். 1874ல் தொற்றுநோய்க்காரர்களைத் தனித்து வைக்கத் தொடங்கிய இடம். நம் ஊரிலிருந்து கப்பலில் போன கூலித் தொழிலாளர்கள் எத்தனையோ பேர் முதலில் மிதித்த மண் இதுதான். நிழலும் அமைதியுமாக இருக்கிறது. ஆனாலும் மனசு கனத்தது. நீர் வடிந்த கரையில், பிசைந்து வைத்த மைதா மாவு போல அதே மென்பவளங்கள் துவண்டு கிடந்தன. தங்கையின் மூன்று வயதுப் பயல் எடுக்கக் குனிந்தான். அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தத் தீவின் ஒரு பக்கக் கரையும் அடுத்துள்ள சகோதரித் தீவுகளும் 2014 முதல் கடல் பூங்கா. நம் நாட்டிலும் 2001ல் கல் பவளங்களையும் கடல் விசிறிகளையும் புலி இருக்கும் அதே அட்டவணையில் சேர்த்து விட்டார்கள். ராமேஸ்வரம் போகிறவர்கள் கவனிக்க!

குழந்தை உள்ள வீடுகளுக்கு முக்கியமாக ஒன்று. பொத்தான் பொத்தானாகக் கல்லில் படரும் ஒரு வகை உண்டு. கடையில் இதையும் மென்பவளங்களோடு சேர்த்தே விற்கிறார்கள். பார்க்கப் பூக்கோலம், சிலவற்றில் கொடிய விஷம். ஹவாயில் ஈட்டி முனையில் தடவுவார்களாம். 1971ல்தான் விஞ்ஞானிகள் அதைப் பிரித்தெடுத்தார்கள். கொதிக்க வைத்தாலும் அடங்காது. ஆவியோடு மூச்சில் ஏறும். தங்கை ஒரு நாள், இது படர்ந்த கல்லைச் சுத்தம் செய்ய அண்டாவில் வெந்நீர் போட்டிருக்கிறாள். நல்லவேளை, மாப்பிள்ளை பார்த்து அடுப்பை அணைத்தார். ஏஸி போட்டு ஜன்னலெல்லாம் சாத்திய வீடு, உள்ளே தூங்கும் குழந்தை! 2018ல் இங்கிலாந்தில் தொட்டியைச் சுத்தம் செய்யப் போய், ஒரே வீட்டில் ஆறு பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இருமல், மூச்சுத் திணறல், காய்ச்சல், வாயில் கசப்பு என்று வந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து, டாக்டரிடம் பவளத் தொட்டி இருப்பதைச் சொல்ல வேண்டும்.

இப்போது அவள் கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொட்டியில் கை விடுவதில்லை. கல்லைச் சுரண்டுவதில்லை. அதற்கான வாளி, கத்தி சமையலறைப் பக்கமே வராது. தொட்டி மூடிக்கும் பூட்டு போட்டாயிற்று.

நான் கிளம்பும் முன் நாய்க்குடையின் ஓரத்தை வெட்டி, நூலால் ஒரு சின்னக் கல்லில் கட்டி வைத்தாள், செம்பருத்திக் கொம்பு நடுவது போல. ஒட்டிக் கொண்டதும் எதிர்வீட்டு மலாய் அம்மாளுக்குக் கொடுத்தாளாம். பதிலுக்குத் தேங்காய்ப்பூ தூவிய பச்சைக் கொழுக்கட்டை ஒரு தட்டு வந்ததாக, போனில் சொன்னாள்.