விளையாட்டாய் வந்த மொழி

1974-ஆம் ஆண்டில் நான் தில்லிக்கு வந்து சேர்ந்த முதல் வாரம். கரோல்பாக் கடைத்தெருவில் கொத்தமல்லிக் கட்டின் விலையைக் கேட்டேன். வியாபாரி ‘பச்சீஸ்’ என்றான். இருபத்தைந்து பைசா என்பது அதன் பொருள். என் காதில் அது ‘பச்சாஸ்’ என்று விழுந்தது. ஐம்பது பைசாவைக் கொடுத்துவிட்டு நடந்தேன். அவன் நல்லவன், கூப்பிட்டு மீதியைத் தந்தான். ஆனால் அங்கு நின்றிருந்த இரண்டு பெண்மணிகள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பிற்கு அஞ்சிப் பல மாதங்கள் வாயைத் திறவாமல் விரலை நீட்டியே காய்கறி வாங்கினேன். இரவில் இந்தி இலக்கணத்தைப் புரட்டுவேன், பகலில் ஊமையாவேன். பின்னாளில் என் மகனோ இலக்கணம் ஏதும் அறியாமல், தெருவில் கோலி விளையாடியே அம்மொழியைப் பேசிவிட்டான். இந்த இதழைப் படிக்கும் அன்பர்களின் இல்லங்களில் இப்படி ஒரு கதை இல்லாத இல்லம் இராது.

இதை இப்போது நினைவுகூரக் காரணம் உண்டு. அந்த மகன் இன்று இத்தாலி நாட்டில், துரின் நகரத்தில் வேலையில் இருக்கிறான். அவன் மகள் அங்கேயே பிறந்தவள், ஏழு வயது. எங்கள் தமிழ் அவளுக்கு விளங்கும். ஆனால் பதில் மட்டும் இத்தாலிய மொழியில்தான் வரும். “தாத்தா சாப்பிட்டாயா என்று கேட்கிறார், தமிழில் சொல்லம்மா” என்று அவள் தாய் கெஞ்சுவாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்தக் கூச்சத்தை நான் அறிவேன். கரோல்பாக்கில் எனக்கு நேர்ந்ததும் அதுதானே!

சென்ற ஆண்டு நானும் என் மனைவியும் இரண்டு மாதம் அங்கே போய்த் தங்குவது என்று முடிவாயிற்று. பிரயாணிகளுக்கான வாக்கியங்கள் அடங்கிய புத்தகம் ஒன்றை வாங்கினேன். பழைய வழக்கப்படி பக்கம் பக்கமாய் மனப்பாடம் செய்தேன். நாற்பது வாக்கியம் படித்தால் மறுநாள் நான்குகூட மிஞ்சவில்லை. எழுபது வயதிற்கு மேல் இனி மொழி ஏறாது என்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

அப்போதுதான் பேத்தி என்னை மாணவனாக ஏற்றுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் கைப்பேசியின் திரையில் வகுப்பு நடக்கும். அவளுக்குப் பாடம் நடத்தத் தெரியாது, விளையாடத்தான் தெரியும். அதுவே எனக்கு நல்லதாயிற்று.

முதல் விளையாட்டு ‘தோம்போலா’. நம் சங்கத்து விழாக்களில் ‘தம்போலா’ என்று விளையாடுகிறோமே, அதன் பெயரும் பிறப்பும் இத்தாலியவை. கிறிஸ்துமஸ் காலத்தில் அங்கே வீடுதோறும் குடும்பமாய் அமர்ந்து ஆடுவார்கள். 1 முதல் 90 வரையுள்ள எண்களைக் குலுக்கி எடுப்பார்கள். ஒவ்வொரு சீட்டிலும் 15 எண்கள் இருக்கும். நேப்பிள்ஸ் நகரத்தார் ஒவ்வோர் எண்ணிற்கும் ஓர் உருவத்தைச் சூட்டியிருக்கிறார்கள். 22 பைத்தியக்காரன், 25 கிறிஸ்துமஸ் திருநாள், 90 அச்சம். எண்ணைக் கூவும்போதே உருவத்தையும் சொல்லிச் சிரிப்பார்கள்.

பேத்தி அங்கிருந்து எண்ணைக் கூவுவாள். நானும் என் மனைவியும் சீட்டில் தேடுவோம். பத்து வாரத்தில் 90 எண்களும் வந்துவிட்டன. இந்தியைப்போல ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாய் நெட்டுருப் போடவேண்டிய தொல்லை இதில் இல்லை. இருபதைத் தாண்டினால், நம் தமிழைப் போலவே, பத்தோடு ஒன்றைச் சேர்த்துச் சொன்னால் போதும். ஆனால் இங்கும் ஒரு பச்சீஸும் பச்சாஸும் இருந்தன: அறுபது ‘செஸ்ஸாந்தா’, எழுபது ‘செத்தாந்தா’. நான் தடுமாறும்போதெல்லாம் பேத்தி கைகொட்டிச் சிரிப்பாள். விந்தை என்னவென்றால், அந்தச் சிரிப்பு என்னை ஊமையாக்கவில்லை. மறுபடி சொல்லத் தூண்டிற்று.

ஏழு என்னும் எண்தான் வீட்டில் ஒரு சிறு கலகம் விளைத்தது. அதற்கு அவர்கள் மொழியில் ‘செத்தே’ என்று பெயர். “பிரயாணம் புறப்படுகிற வேளையில் இது என்ன பேச்சு? ஏழுக்கு வேறு சொல் கிடையாதா?” என்று என் மனைவி கடிந்துகொண்டாள். அந்த எண் வந்தால் மட்டும் அவள் தமிழில் ‘ஏழு’ என்பாள்.

அந்தச் சொல்லிலேயே ஒரு நுட்பமும் இருந்தது. ஒற்றை இரட்டிக்காமல் ‘ஸேதே’ என்றால் தாகம். தாகம் எடுக்கிறது என்பதற்கு ‘ஓ ஸேதே’ என்று சொல்ல வேண்டும். ‘ஓ செத்தே’ என்றால் ‘என்னிடம் ஏழு இருக்கிறது’ என்று ஆகிவிடும். ‘காஸா’ வீடு, ‘காஸ்ஸா’ கடையில் பணம் கட்டும் இடம். தாத்தாவுக்கு ‘நோன்னோ’ என்று பெயர். ஒற்றைக் குறைத்து ‘நோனோ’ என்றால் ‘ஒன்பதாவது’. பாடு, பாட்டு என்றும், கனி, கன்னி என்றும் பிறந்தது முதல் வேறுபடுத்திப் பழகிய நம் நாவுக்கு இது கடினமன்று. சொற்கள் பெரும்பாலும் உயிரெழுத்தில் முடிவதும் நமக்கு இசைவானதே.

இரண்டாவது விளையாட்டு கடைவைத்தல். நான் கடைக்காரன், அவள் வாங்க வருவாள். கடைக்குள் நுழைந்ததும் ‘புவோன்ஜோர்னோ’ என்று வணக்கம் சொல்லாமல் எதையும் கேட்கக்கூடாது. கேட்டபின் ‘பெர் ஃபவோரே’, அதாவது ‘தயவுசெய்து’ என்று சேர்க்க வேண்டும். பொருளைப் பெற்றதும் ‘கிராட்சியே’ என்று நன்றி கூற வேண்டும். அதற்குக் கடைக்காரன் ‘பிரேகோ’ என்பான். அந்த ஒரு சொல், இருக்கட்டும், வாருங்கள், உட்காருங்கள், எடுத்துக்கொள்ளுங்கள் என்று இடத்திற்கேற்பப் பல பொருள் தரும். பேத்திக்கு எப்போதும் அவசரம். “ட்சூக்கெரோ, பெர் ஃபவோரே! ஸூபிதோ!” என்பாள். ‘சர்க்கரை கொடுங்கள், உடனே’ என்று பொருள். நூறு முறையாவது அவளுக்குச் சர்க்கரை விற்றிருப்பேன்.

மூன்றாவது, கதை. அந்நாட்டில் ஜியான்னி ரொதாரி என்னும் ஆசிரியர் இருந்தார். சிறுவர் இலக்கியத்திற்கான ஆண்டர்சன் பரிசை 1970-இல் பெற்றவர். 1962-இல் வெளிவந்த அவருடைய ‘தொலைபேசிக் கதைகள்’ என்ற நூலில், ஊர் ஊராய் மருந்து விற்கச் செல்லும் ஒரு தந்தை வருகிறார். வாரத்தில் ஆறு நாள் அவர் வெளியூரில் இருப்பார். இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் மகளை அழைத்து ஒரு கதை சொல்வார். பேசும் செலவு அவருடையது. ஆகவே கதைகள் சிறியவை. பிழைப்பிற்காகப் பிரிந்து வாழும் நம்போன்ற குடும்பங்களுக்காகவே எழுதியது போல அந்நூல் எனக்குத் தோன்றிற்று. சிறிய கதைகளாதலால் புதிதாய்க் கற்பவனுக்கும் அவை ஏற்றவை.

பேத்திக்கு அதைவிடப் பிடித்தவன் ஜியுஃபா. அவன் சிசிலித் தீவின் நாட்டுக் கதைகளில் வரும் அசடன். “வெளியே வரும்போது கதவை இழுத்துக்கொண்டு வா” என்று சொல்லிவிட்டு அவன் தாய் கோவிலுக்குப் போகிறாள். சாத்திவிட்டு வா என்பது அவள் கருத்து. அவனோ கதவைப் பெயர்த்தெடுத்து, இழுத்துக்கொண்டே கோவிலுக்குப் போய்ச் சேர்கிறான்! இக்கதையால் ‘இழு’ என்னும் சொல் எனக்கு மறக்கவே இல்லை. துரினில் கடைக் கதவுகளில் ‘தீராரே’ என்றோ ‘ஸ்பிஞ்ஜெரே’ என்றோ எழுதியிருக்கும். முன்னது இழு, பின்னது தள்ளு. ஒவ்வொரு கதவிலும் ஜியுஃபா நின்று எனக்கு வழிகாட்டினான்.

இவ்வளவில் நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்தோம். ரயில் நிலையத்தில் நடைமேடைக்குப் ‘பினாரியோ’ என்று பெயர். எண்ணைச் சொல்லும்போது காது தானாகவே தம்போலாச் சீட்டைத் தேடும். பிறர் வீட்டுக்குள் நுழையும்போதும், கூட்டத்தில் வழிகேட்கும்போதும் ‘பெர்மெஸ்ஸோ’ என்று அனுமதி கேட்பார்கள். காகிதச் சீட்டில் போகும் உள்ளூர் ரயிலானால், ஏறுமுன் அங்குள்ள பொறியில் சீட்டை முத்திரையிட வேண்டும். இவையெல்லாம் பழகப் பழக எனக்குத் துணிவு மிகுந்தது. சற்றே கர்வமும் வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஒருநாள் மகனின் துணை வேண்டாம் என்று நாங்கள் இருவர் மட்டும் கடலைக் காண ஜெனோவா நகரத்திற்குப் போனோம். பகல் உணவை நாழிகை கழித்து உண்ணலாம் என்று நான் சொன்னது பெரும் பிழை. அந்நாட்டு உணவு விடுதிகள் பலவற்றில் பிற்பகல் இரண்டரை மணிவாக்கில் அடுப்பை அணைத்தால் இரவு ஏழு மணிக்கு மேல்தான் மீண்டும் மூட்டுவார்கள். நாங்கள் போன இடங்களில் எல்லாம் அடுப்பு அணைந்திருந்தது. துரினுக்குத் திரும்பும் வழியில் ஒரு சிறு நிலையத்தில் வண்டி மாற இறங்கினோம். என் மனைவிக்கு நீரிழிவு உண்டு. காலையில் மாத்திரை சாப்பிட்டிருந்தாள். எப்போதும் கற்கண்டு வைத்திருக்கும் பையை நான்தான் வீட்டில் மறந்து வந்திருந்தேன். பெஞ்சில் அமர்ந்தவளுக்கு வியர்த்துக் கொட்டிற்று, கை நடுங்கிற்று. நான் கேட்டதற்குத் தொடர்பில்லாத பதில் சொன்னாள்.

எதிரே ‘பார்’ ஒன்று இருந்தது. அங்கே அப்பெயர் காப்பிக் கடைக்கும் வழங்கும். ஓடினேன். புத்தகத்தில் படித்த வாக்கியம் ஒன்றுகூட அந்நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. வாயில் வந்தது இதுதான்: “ட்சூக்கெரோ, பெர் ஃபவோரே! ஸூபிதோ!” வெளியே கைகாட்டி, ‘மியா மோல்யே’, என் மனைவி என்றேன். கல்லாவில் நின்ற அம்மையார் ‘தியாபேத்தே?’ என்று ஒரு சொல் கேட்டார். அது விளங்கிற்று, தலையசைத்தேன். அவர் சர்க்கரைப் பொட்டலங்களையும் ஒரு குவளைப் பழரசத்தையும் எடுத்துக்கொண்டு என்னை முந்தி ஓடினார். கால் மணி நேரத்தில் என் மனைவி தெளிந்து, “எந்த வண்டி, போய்விட்டதா?” என்று கேட்டாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பணப்பையை எடுத்தேன். அந்த அம்மையார் என் கையைத் தடுத்து, ‘பிரேகோ’ என்றார். அச்சொல்லின் பொருள்களில் இது எது என்று அகராதி பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அன்றிரவு நடந்ததைக் கேட்ட பேத்தி ஒன்றும் பேசாமல் பாட்டியின் மடியில் வந்து படுத்துக்கொண்டாள். பிறகு கதை கேட்டாள். எனக்குப் பரமார்த்த குரு நினைவுக்கு வந்தார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்களோடு ஆற்றைக் கடந்த கதையைத் தமிழில் தொடங்கினேன். கரையேறியதும் எண்ணிப் பார்க்கிற இடத்தில் மட்டும் இத்தாலிய எண்களைச் சொன்னேன். “ஊனோ, தூவே, த்ரே, குவாத்ரோ, சிங்க்வே. ஐயோ, ஆறு பேர் வந்தோமே, ஐந்து பேர்தானே இருக்கிறோம்!” என்று சீடன் அழுதான். பேத்தி துள்ளி எழுந்தாள். “தாத்தா! அவன் தன்னை எண்ணவே இல்லை!” என்று கூவினாள்.

தமிழில் கூவினாள். நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவளும் கவனிக்கவில்லை. மருமகள் மட்டும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மெல்லத் திரும்பிப் போனாள்.

வழிப்போக்கன் ஒருவன் வந்து, ஆளுக்கோர் அடி கொடுத்து, ஆறு பேரையும் எண்ணிக் காட்டியதைச் சொல்லி முடித்தேன். பிறகு, இக்கதையை எழுதியவர் உங்கள் நாட்டுக்காரர் என்றேன். அவள் நம்பவில்லை. நம் வீரமாமுனிவர், இயற்பெயர் பெஸ்கி, 1680-இல் பிறந்தது வட இத்தாலியில் உள்ள காஸ்திக்லியோனே என்னும் ஊரில். 1710-இல் இந்தியாவுக்கு வந்தவர், தேம்பாவணி பாடும் அளவிற்குத் தமிழில் தேர்ந்தார். அவரே, புதிதாய் வரும் பாதிரிமார்கள் பேச்சுத் தமிழைப் பழகுவதற்கென்று இந்த நகைச்சுவைக் கதையை எழுதி, இலத்தீன் மொழிபெயர்ப்பையும் சேர்த்தார். இலக்கண நூல்கள் வகுத்த பெரும்புலவரே, ஒரு மொழிக்குள் நுழையும் வாயில் கதையும் சிரிப்பும்தான் என்று கண்டிருக்கிறார்! அந்த வாயிலை நான் எழுபது வயதில், ஏழு வயதுக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கண்டேன்.

வெளிநாட்டில் உள்ள மக்களைக் காணப் புறப்படும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இதுவே. வாக்கியப் புத்தகத்தை வாங்குங்கள். ஆனால் அதைப் பேரக்குழந்தையின் கையில் கொடுத்துவிடுங்கள். எண்களைத் தம்போலாவில் பழகுங்கள். கடைவைத்து விளையாடுங்கள். நீரும் சர்க்கரையும் மருந்தும் உதவியும் வேண்டும் சொற்களைச் சலிக்கும்வரை சொல்லிப் பழகுங்கள். அவர்கள் ஒரு கதை சொன்னால் நீங்கள் நம் கதை ஒன்றைச் சொல்லுங்கள். பிள்ளைகள் தமிழ் பேசவில்லையே என்று குறைபடும் நாம், அவர்கள் முன்னிலையில் தப்பும் தவறுமாய் ஒரு புது மொழியைப் பேசிக் காட்டினால் அவர்களுடைய கூச்சமும் தெளியும். மொழி தெரிந்தவர்களை எண்ணும்போது நம்மை எண்ணாமல் விட்டுவிடுகிறோம்; அதுதான் அந்தச் சீடன் செய்த பிழை.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் தோம்போலா நடக்கிறது. எண்ணைக் கூவுவது என் முறை. சென்ற வாரமும் அறுபதை எழுபது என்று கூவிவிட்டேன். “தப்பு தாத்தா, தப்பு!” என்று துரினிலிருந்து குரல் வந்தது. என் மனைவி இப்போது ஏழு வந்தால் ‘செத்தே’ என்றே உரக்கச் சொல்லுகிறாள்.