சுவாலையால் குளிரும் பெட்டி

பழைய மோட்டார்ஹோமை வாங்கித் திருத்துகிறவர்கள் சந்தித்துக்கொண்டால் முதலில் கூரையைப் பற்றிக் கதைப்பார்கள். பிறகு ஈரம், துரு, டைமிங் பெல்ட், டயர். கோடைக்குள் முடிக்க வேண்டிய வேலைகள் இவை. எனக்கும் இந்தக் கவலைகள் எல்லாம் உண்டு. ஆனால் எங்கள் வண்டியில் என் மனதைப் பிடித்துக்கொண்டது, சமையல் மேடைக்குக் கீழே நிற்கிற சின்னக் குளிர்ப்பெட்டி. அதற்குக் கொம்ப்ரெஸர் இல்லை. குளிரூட்டும் குழாய்களுக்குள் அசைகிற உறுப்பு ஒன்றுகூட இல்லை. பின்புறம் அடியில் சிறிய எரிவாயுச் சுவாலை ஒன்று எரிகிறது. அது எரிவதால் உள்ளே பால் குளிர்கிறது.

வண்டி ஒரு டால்பட் எக்ஸ்பிரஸ், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது. ஃபியட்டும் பெஜோ சிட்ரோயன் குழுமமும் சேர்ந்து இத்தாலியின் அதெஸ்ஸாவில் நடத்திய செவல் தொழிற்சாலையின் வேன். ஃபியட் டுகாட்டோ, பெஜோ ஜே5, சிட்ரோயன் சி25 என்று ஐரோப்பாவில் ஓடிய அதே வேனுக்குப் பிரித்தானியாவில் டால்பட் என்று பெயர். அதனால் இன்றைக்கும் உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டியதில்லை. அதன் முதுகில் ஒரு இங்கிலாந்துப் பட்டறை மரச்சட்டம் அடித்து, வெளியே அலுமினியத் தகடும் உள்ளே பிளைவுட்டும் வைத்து வீடு கட்டியிருக்கிறது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருக்கின்றன. வாங்கும்போதே விற்றவர் சொல்லிவிட்டார்: குளிர்ப்பெட்டி செத்துப்போயிற்று, கழற்றி எறிந்துவிட்டு ஒரு அலுமாரி வையுங்கள்.

எறிய எனக்கு மனம் வரவில்லை. இந்த வகைப் பெட்டியின் வேலையைப் போல அழகானது இயந்திரங்களில் குறைவு. நீரில் கரைந்த அம்மோனியாவைச் சுவாலை சூடாக்குகிறது. அம்மோனியா ஆவியாகிப் பிரிகிறது. எழுகிற குமிழிகளே ஒரு மெல்லிய குழாய் வழியாகத் திரவத்தையும் மேலே தூக்கிவிடுவதால் பம்ப் தேவைப்படுவதில்லை. ஆவி பின்புறத் தகடுகளில் சூட்டை வெளியே விட்டு ஒடுங்குகிறது. ஒடுங்கிய அம்மோனியா பெட்டியின் உட்குழாய்க்கு வரும்போது அங்கே ஐதரசன் நிரம்பியிருக்கிறது. ஐதரசன் இருப்பதால் அம்மோனியாவின் பகுதி அமுக்கம் அங்கே வெகுவாகக் குறைந்து, அந்தக் குளிரிலும் அது ஆவியாகத் தொடங்குகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பாலிலிருந்தும் வெண்ணெயிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. கனத்த கலவை கீழே இறங்க, காத்திருக்கும் நீர் அம்மோனியாவை மறுபடி கரைத்துக்கொள்ள, இலேசான ஐதரசன் தன் இடத்துக்கு ஏறிப்போகிறது. பிறகு முதலிலிருந்து எல்லாம் மறுபடி நடக்கிறது. எந்தச் சத்தமும் இல்லை.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஸ்டொக்ஹோம் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள், பால்ட்சார் வொன் பிளாத்தனும் கார்ல் முண்டர்ஸும். ஆண்டு 1922. அவர்களுடைய பெட்டியைச் செய்த நிறுவனத்தை 1925இல் எலக்ட்ரோலக்ஸ் வாங்கிக்கொண்டது. அந்தக் காலத்துக் குளிர்ப்பெட்டிகளில் ஓடிய வாயுக்கள் நச்சு. அசைகிற உறுப்புகளைச் சுற்றிய அடைப்புகள் தேயத் தேய அவை வீட்டுக்குள் கசிந்தன. பெர்லினில் ஒரு குடும்பமே இப்படி இறந்த செய்தியைப் படித்துக் கலங்கித்தான் ஐன்ஸ்டைன், லியோ சிலார்டுடன் சேர்ந்து 1926இலிருந்து சில ஆண்டுகள் குளிர்ப்பெட்டி வடிவமைப்பில் இறங்கினார். அசைகிற உறுப்பே இல்லாமல் எல்லாவற்றையும் உருக்கி ஒட்டிவிட்டால் கசிய வழியில்லை என்பது அவர்களுடைய எண்ணம். அவர்களிடமிருந்தும் ஒரு காப்புரிமையை எலக்ட்ரோலக்ஸ்தான் வாங்கியது.

இதையெல்லாம் நான் பெரியவனாகித்தான் படித்தேன். பெட்டியை அதற்கு முன்பே எனக்குத் தெரியும். வடமராட்சியில் நாங்கள் இருந்த கிராமத்து மருந்தகத்தில் அப்பா மருந்தாளராக வேலை பார்த்தார். 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபோது எங்கள் ஊரில் குளிராக ஏதாவது இருந்த ஒரே இடம் அந்த மருந்தகத்தின் பின்னறை. வெள்ளைப் பெட்டி, அப்பாவின் தோளுயரம். அடியில் இழுப்பறையைப் போல வெளியே வருகிற மண்ணெண்ணெய்த் தாங்கி, அதன் மேல் திரி, அதற்கு மேல் பெட்டியின் முதுகோடு ஏறுகிற புகைபோக்கி. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற தடுப்பு மருந்துகள் உள்ளே இருந்தன. 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் வைத்திருக்க வேண்டும். காலையும் மாலையும் அப்பா வெப்பமானியைப் பார்த்து, கதவில் தொங்கிய அட்டையில் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமையும் இதற்காகவே சைக்கிளில் போவார். சில நாட்களில் என்னையும் முன் பாரில் ஏற்றிக்கொள்வார்.

பெட்டியோடு ஒரு சின்னக் கண்ணாடி வந்திருந்தது. தரையில் குந்தியிருந்து அதைத் தாங்கிக்கு அருகே சரித்துப் பிடித்தால் சுவாலை தெரியும். நீலமாக இருக்க வேண்டும். மஞ்சள் தலைகாட்டினால் திரியை வெட்ட வேண்டும். வெட்டியும் மாறாவிட்டால் புகைபோக்கிக்குள் தொங்குகிற முறுக்குத் தகட்டை வெளியே எடுத்துக் கரி துடைக்க வேண்டும். எண்ணெயைத் துணியால் வடிகட்டித்தான் ஊற்றுவார். அந்த நாளில் மண்ணெண்ணெய் தடைசெய்யப்பட்ட பொருள், கிடைத்தாலும் நெருப்பு விலை. எங்கள் வீட்டில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்தோம். மருந்தகத்துக்கென்று வந்த எண்ணெயில் ஒரு கரண்டிகூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அம்மா கேட்டதும் இல்லை.

ஒருமுறை பெட்டி குளிர மறுத்தது. சுவாலை நீலம்தான், புகைபோக்கி சுத்தம்தான், உள்ளே மட்டும் வெப்பமானி ஏறிக்கொண்டே போயிற்று. மருந்துகளை ஐஸ் பெட்டியில் அடுக்கி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அப்பா தாங்கியைக் கழற்றினார். சாக்குகளை விரித்து, மூன்று பேரைக் கூப்பிட்டு, பெட்டியைத் தலைகீழாக நிறுத்தினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பைத்தியக்கார வேலையாகப் பட்டிருக்கும். அப்பா காதை வைத்துக் கேட்டார், என்னையும் வைக்கச் சொன்னார். இரும்புக்குள் எங்கோ குபுக் குபுக் என்று திரவம் இறங்கிக்கொண்டிருந்தது. இரவு முழுக்க அப்படியே விட்டார். மறுநாள் நிமிர்த்தி, அன்றைக்கும் நெருப்பு வைக்காமல் பொறுத்திருந்தார். உள்ளே உள்ளவை தங்கள் தங்கள் இடத்துக்குப் போய்ச் சேரட்டும் என்றார். பிறகு மேலே ஒரு தட்டில் நீர் ஊற்றி வைத்து, அது எந்தப் பக்கமும் சாயாத வரைக்கும் கால்களுக்குக் கீழே உடைந்த சிலேட்டுத் துண்டுகளைச் செருகினார். திரியைக் கொளுத்தினார். அன்று பின்னேரம் உள்தட்டில் மெல்லிய வெள்ளைப் பனி படிந்திருந்தது. என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். கடும் வெயில் காலம் அது. அந்த ஆண்டில் நான் தொட்ட ஒரே குளிர் அதுதான்.

ஏன் தலைகீழாக வைக்க வேண்டும் என்பதற்கு அன்று அவர் சொன்ன காரணம் பின்னால் படித்ததோடு பொருந்துகிறது. இந்தக் குழாய்களுக்குள் எல்லாம் தன் எடையால்தான் ஓடுகின்றன. பெட்டி சாய்ந்து நின்றால் திரவம் திரும்பி வராமல் தேங்கிவிடும். கொதிகுழாய் அளவுக்கு மீறிச் சூடேறும். இரும்பு துருப்பிடிக்காதிருக்கச் சேர்த்த குரோமேட் உப்பு படிந்து வழியை அடைக்கும். கவிழ்த்து வைத்தால் சிலவேளை அடைப்பு இளகிவிடும். எல்லாப் பெட்டிக்கும் இது பலிக்காது. அம்மோனியா மணத்தாலோ குழாயோரம் மஞ்சள் பொடி தெரிந்தாலோ அது ஒழுகிவிட்ட பெட்டி. அதற்குச் செய்ய ஒன்றுமில்லை.

எங்கள் டால்பட் பெட்டியில் மணமும் இல்லை, மஞ்சளும் இல்லை. தொலைபேசியில் அப்பாவிடம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “நெருப்பு என்ன நிறம்?” இரண்டாவது, “தலைகீழா வைச்சுப் பாத்தனியோ?”

வைத்துப் பார்த்தேன். கராஜில் பழைய போர்வையை விரித்துக் கவிழ்த்து, காதை வைத்தபோது அதே குபுக் குபுக். இதற்குத் திரி இல்லை, துளை மிக நுண்ணிய ஒரு பித்தளை ஜெட்தான். அதில் ஊசியை விட்டுக் குத்தக் கூடாது, துளை பெருத்துவிடும். மெதிலேற்றட் ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் காற்றால் ஊதினால் போதும். எரிமுனையில் புகைக்கூண்டுத் துரு உதிர்ந்து கிடந்தது. காற்றுக்குழாயில் சிலந்திவலை. வண்டி நெடுநாள் நிற்கிற இடங்களிலெல்லாம் சிலந்திகள் இங்கேதான் குடியேறுகின்றன. புகைக்கூண்டுக்குள் கையைவிட்டால், மருந்தகத்துப் பெட்டியில் இருந்த அதே முறுக்குத் தகடு! நூறாண்டுக் கண்டுபிடிப்பு அநேகமாக மாறாமல் வந்திருக்கிறது. மாற்ற வேண்டிய குறை அதில் இல்லை என்றே நான் நினைக்கிறேன். பெட்டி இப்போது குளிர்கிறது.

இனி ஈரம். பிரித்தானிய மழையில் நிற்கிற மர வீடு அல்லவா? கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள அலுமினியப் பட்டைக்குக் கீழே பூசிய மாஸ்டிக் ஆண்டுகள் போகப் போக இறுகி வெடிக்கிறது. நீர் ஒரு மூலையில் நுழைந்து சட்டத்தோடு நடந்து இன்னொரு மூலையில் முகம் காட்டுகிறது. ஈரமானியில் பதினைந்து வீதத்துக்குக் கீழே இருந்தால் நிம்மதி, இருபதைத் தாண்டினால் சுவரைத் திறக்க வேண்டும். எங்கள் பின்பக்க மூலையைத் திறந்தபோது மரச்சட்டம் தேநீரில் தோய்த்த பிஸ்கட்டாகக் கையோடு வந்தது. குளிர்காலம் முழுக்க அந்த மூலையில்தான் போயிற்று. உலரவிட்டு, கெட்டதை வெட்டி, புதுச்சட்டம் ஒட்டி, பட்டைகளைக் கழற்றி, இறுகாத புது மாஸ்டிக்கில் திரும்பப் பதித்தோம். சட்டங்களுக்கு நடுவே இருந்த மணி மணியான பழைய பொலிஸ்டைரீன் நீரைப் பிடித்து வைத்திருந்தது. அதை எடுத்துவிட்டு, நீர் ஏறாத, மூடிய நுண்ணறைகள் கொண்ட அழுத்து வார்ப்புப் பலகைகளை வெட்டி வைத்தேன்.

அந்தப் பலகையின் வரலாற்றைச் சும்மா தேடிப் பார்த்த இரவில் எனக்கு உறக்கம் போயிற்று. பொலிஸ்டைரீனை நுரைக்க வைத்து வெப்பம் தடுக்கும் பொருளாக்கலாம் என்று முப்பதுகளின் தொடக்கத்தில் காப்புரிமை எடுத்தவர் ஒரு சுவீடன்காரர். பெயர் கார்ல் முண்டர்ஸ்! அமெரிக்காவில் டவ் நிறுவனம் 1941இல் அதே வழியைத் தானாகக் கண்டடைந்தபோது, அவருடைய காப்புரிமை முன்பே இருப்பது தெரிந்து, அந்த உரிமையைப் பெற்றுக்கொண்டுதான் ஸ்டைரோஃபோம் செய்தது. ஒரே மனிதர், இளமையில் பெட்டிக்குள்ளிருந்து வெப்பத்தை வெளியேற்ற வழி கண்டார். பத்தாண்டுகூட ஆகாமல், போன வெப்பம் திரும்பி வராமலிருக்கச் சுவரும் கண்டார். ஒரு குளிர்காலம் முழுக்க நான் அவருடைய இரண்டு யோசனைகளுக்கு நடுவே முழங்காலில் இருந்து வேலை செய்திருக்கிறேன். அது தெரியாமலே.

வண்டியில் வீட்டைக் கட்டிக்கொண்டு கோடையில் ஊர் சுற்றுகிற பழக்கத்தை இந்த நாட்டில் தொடங்கியவரும் என் அலுமாரியில் இருக்கிறார். வில்லியம் கோர்டன் ஸ்டேபிள்ஸ், கடற்படை மருத்துவராக இருந்து ஓய்வுபெற்று, சிறுவர்களுக்குச் சாகசக் கதை எழுதியவர். ஜிப்சிகளின் வண்டியைப் பார்த்து ஆசைப்பட்டு, பிரிஸ்டலில் ஒரு பட்டறையில் மகோகனி மரத்தால் ‘வாண்டரர்’ என்ற வண்டியைச் செய்வித்தார். எடை ஏறத்தாழ இரண்டு தொன். இழுக்க இரண்டு குதிரைகள். 1885 கோடையில் ட்வைஃபோர்டிலிருந்து ஸ்கொட்லாந்தின் இன்வெர்னஸ் வரைக்கும் போனார். கூடவே ஒரு வண்டியோட்டி, ஒரு பணியாள், ஒரு பெரிய நாய், ஒரு கொக்கட்டூக் கிளி. பணியாள் முச்சக்கர சைக்கிளில் முன்னால் போய், குறுகிய சாலையில் எதிரே வருகிறவர்களுக்குத் தகவல் சொல்வார். மறுவருடம் அந்தப் பயணத்தைப் புத்தகமாக எழுதினார். வண்டியின் ஒவ்வொரு தட்டும் கொக்கியும் எங்கே இருந்தது என்று அவர் விவரிக்கிற பக்கங்களை நான் திரும்பத் திரும்பப் படிப்பதுண்டு. ஊர்களைப் பற்றி எழுதும்போது இல்லாத ஒரு சந்தோஷம் அவருக்கு அங்கே வருகிறது. அந்த வண்டி இன்றும் பாதுகாப்பாக இருக்கிறது.

அவர் கடந்த கிராம்பியன் மலைகளைத்தான் நாங்களும் கடக்கப் போகிறோம். ஏ9 சாலை டிரமொக்டர் கணவாயில் ஏறத்தாழ 460 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. டயர்கள் மாற்றியாயிற்று. பழையவற்றில் தேய்மானம் இல்லை, ஆனால் பக்கவாட்டில் பதித்திருந்த வாரமும் ஆண்டும் அவை கிழடு என்று காட்டிக்கொடுத்தன. எரிவாயுவைப் பரிசோதிக்க உரிமம் பெற்றவர் அடுத்த வாரம் வருகிறார். தரையிலுள்ள வாயுத் துளைகளைப் புதுக் கம்பளம் மூடாமல் வெட்டிவிட்டேன், ஏனென்றால் இந்த வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே போக வழி வேண்டும். ஓடும்போது பெட்டி பற்றரியில் இயங்கும், நிறுத்திய பிறகுதான் சுவாலை.

அப்பாவுக்கு விசா கிடைத்துவிட்டது, அவரும் வருகிறார். மலைநாடு என்றால் எல்லா இடமும் சரிவுதானே, பெட்டியை எப்படி மட்டமாக வைப்பாய் என்பது அவருடைய கவலை. சில்லுக்குக் கீழே வைக்கிற பிளாஸ்டிக் சரிவுகள் இங்கே விற்கிறார்கள், உள்ளே ஒரு ரசமட்டமும் ஒட்டியிருக்கிறேன் என்றேன். அது இருக்கட்டும், நாலு பலகைத் துண்டும் எடுத்து வை என்றார். எடுத்து வைத்திருக்கிறேன்.