கேட்காமல் எடுத்த கை



பாட்டின் மீது தீராத பித்துக் கொண்ட ஒருவனின் வாக்குமூலம் இது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததை உங்களிடம் சொல்லத் துணிந்திருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு தனக்குள் சிரித்துக்கொண்டிருக்கக்கூடும். அவனைக் கடிந்துகொள்ளும் முன் இதைப் படித்துப் பாருங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது திருவண்ணாமலையில். அண்ணாமலையார் கோயிலின் கோபுர நிழலிலேயே எங்கள் அத்தாவின் தையற்கடை இருந்தது. கார்த்திகை தீபத்திற்கு ஊர் நிறைந்துவிடும். பௌர்ணமி தோறும் மலையைச் சுற்றிக் கூட்டம் நடக்கும். அந்தச் சந்தடிக்கு நடுவே ஐந்து வேளையும் பாங்கொலி கேட்கும். இந்த இரண்டு ஒலிகளுக்கும் இடையில் எங்கள் காதுகளைப் பிடித்து இழுத்த மூன்றாவது ஒலி ஒன்று உண்டு. அதுதான் இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனிபாவின் குரல்.

இன்றைய இளைஞர்களுக்காகச் சில செய்திகளைச் சொல்லிவிடுகிறேன். அவர் 1925ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இராமநாதபுரத்தில் பிறந்தவர். நாகூரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டு, அந்த ஊரின் பெயரைத் தமிழ் பேசும் நாடெங்கும் கொண்டு சென்றவர். நாகூர்ப் புலவர் ஆபிதீன் போன்றோர் எழுதிய பாடல்களைப் பாடியவர். திராவிட முன்னேற்றக் கழக மேடைகளிலும் அந்தக் குரல் முழங்கியது. 1961இல் வெளிவந்த ‘பாவமன்னிப்பு’ திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராஜனோடு சேர்ந்து பாடினார். 1992இல் இளையராஜாவின் இசையில் ‘செம்பருத்தி’ படத்திலும் பாடினார். ஆனாலும் எங்களைப் பொறுத்தவரை அவர் திரைப்படப் பாடகர் அல்லர். மீலாது விழா மேடையின் பாடகர், கல்யாண வீட்டின் பாடகர், நோன்பு இரவுகளின் பாடகர்.

இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதை நான் அறிவேன். அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் அல்லன். நடந்ததை மட்டுமே சொல்கிறேன்.

எங்கள் அத்தாவின் இளமைக் காலம் இசைத்தட்டுக் காலம். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டில், ஒரு பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பாட்டு. அதற்குள் பல்லவியும் சரணமும் முடிந்தாக வேண்டும். எனக்குப் பாட்டுப் பித்துப் பிடித்த 1980களின் தொடக்கத்தில் ஒலிநாடா வந்துவிட்டது. அறுபது நிமிட ஒலிநாடாவில் பக்கத்திற்கு அரை மணி நேரம். புதிய ஒலிநாடா வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் எனக்குச் சோறு இறங்காது. கடை வாசலில் நின்று, கண்ணாடிக்குள் இருக்கும் அட்டைப் படத்தைப் பார்த்து, பின்புறம் அச்சிட்ட பாடல் வரிசையை மனப்பாடம் செய்துகொண்டு வீடு திரும்புவேன். வாங்கக் காசு இருக்காது.

எனக்குப் பதினாறு வயது. வேலூர்ப் பக்கத்து ஊரொன்றில் மீலாது விழாவுக்கு ஹனிபா அவர்களின் கச்சேரி என்று செய்தி வந்தது. அந்த வாரந்தான் புதிய ஒலிநாடாவும் கடைக்கு வந்திருந்தது. இரண்டும் சேர்ந்து என் அறிவை மயக்கிவிட்டன.

அம்மா, அத்தாவின் கடையில் தைக்கும் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பார். அந்தக் கூலியை அத்தா கணக்குப் பார்த்து அம்மாவிடம் தந்துவிடுவார். அம்மா அதை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைப்பார். என் தங்கைக்கு வகுப்பில் கரும்பலகை தெரியவில்லை. கண்ணாடி போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தக் கண்ணாடிக்காகச் சேர்ந்துகொண்டிருந்த பணம் அது. இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் நாற்பது ரூபாயை எடுத்தேன்.

நண்பன் வீட்டில் படிக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

அந்த இரவை எப்படிச் சொல்வேன்! மைதானம் நிறைந்த கூட்டம். முன் வரிசையில் பெரியவர்கள், சுற்றிலும் சைக்கிள்களின் மேல் ஏறி நின்ற இளைஞர்கள், தடுப்புக்கு அப்பால் பெண்கள். அவர் மேடையேறியதும் கூட்டம் அடங்கியது. ஒலிநாடாவில் கேட்ட குரல் வேறு, நேரில் கேட்ட குரல் வேறு என்பதை அன்று உணர்ந்தேன். ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்டிருக்கும் என்று தோன்றிற்று. உச்சத்தில் சொல்லை நிறுத்திப் பிடிக்கும்போதும் எழுத்து சிதையவில்லை. படிக்காத பாமரரும் ஒவ்வொரு சொல்லையும் புரிந்துகொண்டார்கள். அவருடைய வெற்றியின் இரகசியம் அந்தத் தெளிவுதான் என்று இன்றும் கருதுகிறேன். ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்ற பாடலைத் தொடங்கியபோது, என் அருகில் நின்ற முதியவர் தம்மை மறந்து இரண்டு கைகளையும் விரித்தார். நானும் விரிக்கப் போனேன். சட்டைப் பையில் மீதிச் சில்லறை குலுங்கியது. கை ஏனோ பாதியில் நின்றுவிட்டது.

விடியற்காலைப் பேருந்தில் ஊர் திரும்பினேன். புதிய ஒலிநாடா பையில் இருந்தது. மலையின் உச்சியில் வெளிச்சம் படத் தொடங்கிய நேரம். அத்தா சுபுஹுத் தொழுகை முடிந்து வந்து வாசலில் அமர்ந்திருந்தார். அம்மா டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அடி விழும் என்று நின்றேன்.

“கச்சேரி நல்லா இருந்ததா?” என்று கேட்டார்.

நான் தலை குனிந்தேன்.

“வாங்கி வந்ததைப் போடு. எல்லாரும் கேட்போம்” என்றார்.

அண்டை வீட்டிலிருந்து டேப் ரிக்கார்டரை இரவல் வாங்கி வந்தோம். அம்மா, தங்கை, அத்தா எல்லாரும் பாயில் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுவதும் கேட்டார்கள். தங்கை ஒலிநாடா அட்டையைக் கண்ணுக்கு அருகில், மூக்குத் தொடும் அளவுக்குப் பிடித்துப் பாடல் பெயர்களை எழுத்துக் கூட்டிப் படித்தாள். “அண்ணே, அந்த மூணாவது பாட்டை இன்னொரு தடவை போடு” என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. சகோதரர்களே, அந்த அட்டையும் அவள் கண்ணும் இருந்த இடைவெளியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

பாட்டு முடிந்தது. அத்தா மெதுவாகக் கேட்டார்: “பாட்டில் யாரிடம் கேட்கச் சொல்கிறார்?”

“அல்லாஹ்விடம்.”

“அவனிடம் கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு, பெற்ற தாயிடம் கேட்க ஏன் வாய் வரவில்லை? கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பாள். இல்லை என்ற சொல்லைத் தாங்கப் பழகாதவன் துஆவும் கேட்க முடியாது.”

அவ்வளவுதான். அதன் பிறகு அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. அடித்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்திருப்பேன்.

எங்கள் தெருக்கோடியில் ரேடியோ செட் வாடகைக்கு விடும் அண்ணன் ஒருவர் இருந்தார். இந்து சகோதரர். அவரிடம் போய் வேலை கேட்டேன். மாலை நேரங்களில் குழாய் ஒலிபெருக்கிகளைச் சுமந்து, மூங்கிலில் கட்டி, கம்பி இழுக்கும் வேலை. இரவுக்கு ஐந்து ரூபாய். இசைத்தட்டின் ஓரத்தை மட்டும் பிடிக்க வேண்டும், முள் தேய்ந்தால் தட்டும் கெடும், சிக்கிய நாடாவைப் பென்சில் விட்டுச் சுற்ற வேண்டும் என்பதையெல்லாம் அங்கேதான் கற்றேன். கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, கோயில் திருவிழா என்று எல்லா வீட்டு வாசலிலும் எங்கள் குழாய் ஏறியது. முருகன் பாட்டு முடிந்ததும் “அந்தக் கையேந்துங்கள் பாட்டைப் போடு தம்பி” என்று இந்துப் பெரியவர்களே கேட்பார்கள். ஒரு குரல் மதத்தின் வேலியைத் தாண்டிச் செல்வதை நான் மேடைப் பேச்சில் அறியவில்லை, அந்த ஒலிபெருக்கி மூங்கிலின் அடியில் நின்று அறிந்தேன்.

இரண்டு மாதத்தில் நாற்பது ரூபாயும் டப்பாவுக்குத் திரும்பியது. தங்கைக்குக் கண்ணாடி வந்தது. ஆனால் அந்த இரண்டு மாதமும் அவள் வகுப்பில் கரும்பலகையைப் பாராமலேயே உட்கார்ந்திருந்தாள். பணத்தைத் திருப்பி வைக்க முடிந்தது. நாட்களைத் திருப்பி வைக்க முடியவில்லை.

பல ஆண்டுகள் கழித்து அவளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். “அந்தப் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம் அண்ணே. எழுத்து தெரியாத குறைக்குக் காதால் படித்தேன்” என்றாள். மன்னித்தாள் என்றே எடுத்துக்கொண்டேன்.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் ஹனிபா அவர்கள் சென்னையில் காலமானார்கள். வயது 89. செய்தி கேட்ட அன்று அந்தப் பழைய ஒலிநாடாவை எடுத்துப் பார்த்தேன். நாடா ஒட்டிக்கொண்டு ஓட மறுத்தது. மகன் தன் கைபேசியில் அதே பாடலை ஒரு நொடியில் ஒலிக்கச் செய்தான். காசும் இல்லை, காத்திருப்பும் இல்லை. அவனுக்குக் கிடைத்த வசதியைக் கண்டு எனக்குப் பொறாமை இல்லை. ஆயினும் அன்று அந்தக் கதையை அவனுக்குச் சொன்னேன். “அத்தா, பாட்டை நிறுத்தட்டுமா?” என்று கேட்டான். “வேண்டாம், எல்லாரையும் கூப்பிடு, சேர்ந்து கேட்போம்” என்றேன்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எதைக் கேட்கிறான் என்று அறிய விரும்பினால், கருவியைப் பறிக்காதீர்கள். ஒருமுறை அருகில் அமர்ந்து சேர்ந்து கேளுங்கள். எங்கள் அத்தா செய்தது அதைத்தான். பிள்ளைகளே, வேண்டியதைப் பெற்றோரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கிடைக்காமல் போகலாம். கேட்டு ஏமாந்த கையைப் படைத்தவனிடம் ஏந்தலாம். கேட்காமல் எடுத்த கை, ஏந்தும்போது நடுங்கும். நான் அனுபவித்துச் சொல்கிறேன்.