இழை எண்ணும் விரல்கள்

நீலகிரியில் தோடர்களைக் காணச் செல்வோர் அவர்களுடைய எருமைகளைப் பற்றியும், அரைப்பீப்பாய் வடிவில் வளைந்து நிற்கும் குடில்களைப் பற்றியும் விசாரித்துவிட்டுத் திரும்புவதே வழக்கம். 1906-இல் ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் எழுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூலொன்றை இம்மக்களைப் பற்றி வெளியிட்டது முதல், அவர்களுடைய பால்மனைச் சடங்குகளும் உறவுமுறைகளும் பண்டிதர்களின் சர்ச்சைக்கு உரிய விஷயங்களாகிவிட்டன. நான் சென்றதோ தோடர் பெண்களிடம் ஊசி பிடிக்கக் கற்பதற்காக. சங்கிலித் தையல், காம்புத் தையல், முடிச்சுத் தையல் என்று வரிசையாகப் பழகி, கரித்தாள் வைத்துத் துணியில் பூவை வரைந்து, வட்டச் சட்டத்தில் இறுக்கிப் பூட்டிய பிறகே ஊசியைத் தொடுவது என்ற நியமத்தில் வளர்ந்தவர்களுக்கு, கோடும் சட்டமும் இன்றி, ஏறக்குறைய ஒரே தையலைக் கொண்டு ஒரு சமூகம் தன் அலங்காரம் முழுவதையும் அமைத்துக்கொண்டிருக்கிறது என்பது நம்புதற்கு அரிய செய்தியாகவே தோன்றும்.

உதகைக்கு அப்பால், மந்து எனப்படும் தோடர் குடியிருப்பு ஒன்றில், முற்பகல் வெயில் விழும் பக்கமாகப் பாய் விரித்து, மூத்த அம்மையார் ஒருவரும் அவருடைய மருமகளும் தைத்துக்கொண்டிருந்தார்கள். மடியில் கிடந்தது பூத்துக்குளி என்னும் போர்வை: வெளுக்காத பருத்தி நூலில் முரடாக நெய்யப்பட்டு, இடையிடையே சிவப்பும் கறுப்புமான பட்டைகள் ஓடுவது. அந்தப் பட்டைகளுக்கு நடுவிலுள்ள வெற்றிடமே ஊசிக்கு உரிய களம். நெசவு முரடாக இருப்பதைக் குறையென்று எண்ணுதல் கூடாது. பாவு இழை ஒவ்வொன்றும் கண்ணுக்கும் விரலுக்கும் தனித்தனியே அகப்படுவதால்தான் இக்கலை சாத்தியமாகிறது.

அம்மையார் இடக்கைச் சுட்டுவிரலைத் துணியின் அடியில் கொடுத்து, ஊடையின் போக்கிலேயே ஊசியைச் செலுத்தி, பாவு இழைகளைத் தூக்கியும் விட்டும் எனக்குக் காட்டினார். முதல் வரியில் ஓர் இழை, அடுத்ததில் மூன்று, அதற்கடுத்ததில் ஐந்து என்று இருபுறமும் ஒவ்வோர் இழையாக விரித்துச் செல்ல, சிவப்புக் கம்பளி நூலில் ஒரு முக்கோணம் தானாக எழுந்து நின்றது. அதே கணக்கைத் திருப்பிக் குறைத்து வந்தபோது அது சாய்சதுரமாக நிறைவுற்றது. ஐயம் ஒன்றை நான் கேட்க வாயெடுத்தேன். “எண்ணிட்டே இருங்கம்மா. பேசினா கணக்கு போயிடும்” என்றார் மருமகள்.

வரியின் முடிவில் ஊசி திரும்பும் இடத்தில் நூலை அவர்கள் இறுக்கி இழுப்பதில்லை. சிறு வளையமாக அதைத் தளர்த்தி விட்டுவிடுகிறார்கள். துணி சுருங்காதிருக்க இது ஓர் உபாயம். அத்துடன், அவ்வளையங்கள் நெருங்கி நின்று மறுபுறத்தில் புடைப்பான ஓர் அழகைத் தோற்றுவிக்கின்றன. நாம் சாதாரணமாக மறைத்து வைக்கும் அந்த முரட்டுப் புறத்தையே தோடர்கள் நல்ல புறமாகக் கருதி, வெளியே தெரியும்படி போர்த்துகிறார்கள். இந்த ரசனையில் ஒரு பெருந்தன்மை இருப்பதாக எனக்குப்பட்டது.

எருமைக் கொம்பு, சூரிய சந்திரர், மலை முகடு, தேனடை, முயற்காது என்று நூலில் இறங்கும் உருவங்கள் எல்லாம் அவர்கள் கண்முன் வாழ்ந்தவை. எந்த உருவத்துக்கும் ஏட்டில் மாதிரி கிடையாது; தாயின் அருகில் அமர்ந்து மகள் எண்ணப் பழகுவதே பாடம். திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் உரிய இப்போர்வை, இறந்தவரின் உடலைச் சுற்றி அனுப்புவதற்கும் உரியது. ஆகவே, ஒரு பூத்துக்குளியை அரைகுறையாகத் தைத்து முடிப்பது அவர்களுக்கு மனம் ஒவ்வாத காரியம்.

2013-இல் இப்பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று சால்வை, கைப்பை, மேஜை விரிப்பு எனச் சந்தைக்கு ஏற்ற பண்டங்களையும் இப்பெண்கள் செய்கிறார்கள். ஆனால், வேலையின் நேர்த்தியே அவர்களுக்கு விரோதமாகவும் இருக்கிறது: இழைக்கணக்கு பிசகாமல் தைத்த பூவேலை பார்வைக்குத் தறியில் நெய்ததுபோலவே தோன்றுவதால், வாங்க வருவோர் நெசவுத் துணியின் விலையைச் சொல்லிப் பேரம் பேசுகிறார்கள். வாரக்கணக்கில் குனிந்து எண்ணிய கண்களுக்கு உரிய கூலி அப்பேரத்தில் கரைந்துபோகிறது. இதைச் சொல்லும்போது அம்மையாரின் குரலில் கோபம் இல்லை, எனக்குத்தான் தாங்கவில்லை.

இதே வடிவங்களை இயந்திரத்தில் போட்ட மலிவான துணிகளும் விற்பனைக்கு வருகின்றன. வேறுபாடு அறிவது எப்படி என்று அம்மையாரைக் கேட்டேன். அவர் போர்வையை விரித்து, என் விரலைப் பிடித்துப் பூவேலையின் ஓரத்தில் வைத்தார். ஊசி திரும்பிய இடந்தோறும் நூல் வளையம் தட்டுப்பட்டது. “இயந்திரம் இதை விடாது. கடையில கேட்டா, இதைத் தடவிப் பார்த்து வாங்கச் சொல்லுங்க” என்றார்.