டயல்-அப் ரூட்டுல ஒரு நடை!

சனிக்கிழமை மத்தியானம் ஃப்ரீயா? கையில டீ காசு இருந்தா போதும். சென்னை அண்ணா சாலையில ஆரம்பிச்சு கடற்கரை வரைக்கும் ஒரு ரெண்டரை கிலோமீட்டர் நடந்துட்டு வரலாம். கோயில், பார்க்னு சுத்திக் காட்டற ரூட் இல்லை இது. உங்க சித்தப்பாவும் அத்தையும் காலேஜ் படிச்சப்போ, வீட்டு டெலிபோன் வழியா இன்டர்நெட் எப்படி வந்துச்சுனு காட்டற ரூட்!

'ஸ்பீடை ஏத்தறேன் பார்'னு அவங்க கம்ப்யூட்டர் செட்டிங்ஸை நோண்டாத நாள் கிடையாது. அதுல எது பலிச்சுது, எது டுபாக்கூர்னு நடந்துக்கிட்டே பேசலாம். பழங்கதை எதுக்குனு கேட்கறீங்களா? அதே டுபாக்கூர் இன்னிக்கு வேற சட்டை போட்டுக்கிட்டு உங்க போனுக்குள்ள சுத்திட்டு இருக்கு பாஸ்!

ஸ்டாப் 1: ரிச்சி தெரு

மெட்ரோ ரயில்ல அரசினர் தோட்டம் ஸ்டேஷன்ல இறங்கி, சிந்தாதிரிப்பேட்டை பக்கமா உள்ளே நுழைஞ்சீங்கன்னா ரிச்சி தெரு. பேர்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெருனு அக்கம்பக்கத்தையும் சேர்த்து வளைச்சுப் போட்ட எலெக்ட்ரானிக்ஸ் பஜார் இது. ரேடியோ ஸ்பேர் பார்ட்ஸ்ல ஆரம்பிச்ச இடம். அப்புறம் டி.வி., கம்ப்யூட்டர், செல்போன், சி.சி.டி.வி.னு காலத்துக்கு ஏத்த மாதிரி சரக்கை மாத்திக்கிட்டே வந்துடுச்சு. 'என்ன சார் வேணும்?'னு கூப்பிடற குரல்களுக்கும், ஹாரன் அடிச்சுக்கிட்டே நுழையற டூ வீலர்களுக்கும் நடுவுல நெளிஞ்சு நெளிஞ்சு நடக்கணும். ஞாயிற்றுக்கிழமை போகாதீங்க, பெரும்பாலான கடைகளுக்கு லீவு.

2000-ம் வருஷத்தை ஒட்டி இங்கே வந்து மோடம் வாங்கிட்டுப் போகாத கம்ப்யூட்டர் பிரியர் சென்னையில குறைச்சல். வீட்டுக்குப் போய் போன் ஒயரைச் சொருகி, 'டயல்' பட்டனைத் தட்டினா 'கீ... ங்ங்ங்... கிர்ர்ர்'னு ஒரு சத்தம் வரும். அது கோளாறு இல்லை. நம்ம வீட்டு மோடமும் கம்பெனிக்காரன் மோடமும் 'லைன் எப்படி இருக்கு, எவ்வளவு வேகத்துல பேசலாம்?'னு ஒண்ணையொண்ணு விசாரிச்சுக்கற சத்தம்.

மோடத்துக்கு உத்தரவு போட தனி பாஷையே உண்டு. 1981-ல ஹேய்ஸ் கம்பெனி கொண்டு வந்த 'ஏடி' கட்டளைகள். 'ஏடி'ன்னா 'அட்டென்ஷன்', அதாவது 'இங்கே கவனி!'. 'ஏடிடிடி' போட்டா டோன்ல டயல் பண்ணும். 'எக்ஸ்3' சேர்த்தா டயல் டோனுக்காகக் காத்திருக்காம நம்பரைப் போட ஆரம்பிச்சுடும்.

கட்டளையை மாத்தினதும் 'இணைப்பு வேகம் 1,15,200'னு திரையில வந்தா பசங்க காலரைத் தூக்கி விட்டுக்குவாங்க. ஆனா அது டெலிபோன் லைனோட வேகமே இல்லை! கம்ப்யூட்டருக்கும் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கற மோடத்துக்கும் நடுவுல இருக்கற அரை அடி தூரத்தோட வேகம். நிஜத்துல லைன்ல ஓடினது 40 ஆயிரம் பிட்டு, சில சமயம் அதுக்கும் கீழே.

பலிச்சதும் பலிக்காததும்

ஒரு டீ சொல்லிட்டு கணக்கைப் பார்ப்போமா? 40 ஆயிரம் பிட்டுன்னா செகண்டுக்கு 5 கிலோபைட். 5 எம்.பி. பாட்டு ஒண்ணு இறங்க 17 நிமிஷம். நிமிஷம் ஏற ஏற போன் பில்லும் ஏறும். ஹால்ல யாராவது இன்னொரு ரிசீவரைத் தூக்கினா... கட்! டவுன்லோடு 98 சதவீதத்துல நின்னா வர்ற எரிச்சல் இருக்கே, அதை ஒரு தலைமுறையே அனுபவிச்சிருக்கு.

அதனாலதான் ஆளாளுக்கு விண்டோஸ் ரெஜிஸ்ட்ரிக்குள்ள இறங்கினாங்க. அப்போ ரொம்ப பேமஸான டிப்ஸ், 'எம்.டி.யூ.வை 1500-லேர்ந்து 576-க்கு மாத்து'. எம்.டி.யூ.ன்னா ஒரே தடவையில அனுப்பற பொட்டலத்தோட அதிகபட்ச சைஸ். 1500 பைட் பொட்டலம் 40 ஆயிரம் பிட் லைன்ல முழுசா கடக்க 0.3 செகண்ட் ஆகும். 576-ன்னா 0.12 செகண்ட்கூட ஆகாது. பெரிய லாரி போனப்புறம்தான் பின்னாடி வர்ற சைக்கிளுக்கு வழி கிடைக்கும் இல்லையா? லாரியைச் சின்னதாக்கினா, டவுன்லோடு ஓடும்போதே சாட்ல அடிக்கற 'ஹாய்' சீக்கிரம் போய்ச் சேரும். அந்த வகையில டிப்ஸ் உண்மை.

ஆனா ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 40 பைட் அட்ரஸ் சீட்டு ஒட்டணும். 1500-ல அது 3 சதவீதத்துக்கும் கம்மி. 576-ல 7 சதவீதம். சீட்டைச் சுருக்கற வசதி ஆன்ல இல்லைன்னா டவுன்லோடு வேகம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். இன்னொரு கூத்து, விண்டோஸ் 98-ல மெதுவான இணைப்புக்கு 576-ஐ அதுவே போட்டுக்கும். அதுக்கு மேல கைவைக்க ஒண்ணும் இல்லை!

அடுத்தது 'ரிசீவ் விண்டோ'. பதில் சொல்றதுக்கு முன்னாடி எவ்வளவு டேட்டா வாங்கி வெச்சுக்கலாம்னு சொல்ற அளவு. '64 கிலோபைட் ஆக்கு, பறக்கும்'னாங்க. லைன் வேகத்தை, டேட்டா போய்ப் பதில் வர்ற நேரத்தால பெருக்குங்க. 5 கிலோபைட், அரை செகண்ட்... ரெண்டரை கிலோபைட் போதும். விண்டோஸ் ஏற்கெனவே 8 கிலோபைட் கொடுத்திருந்துச்சு! டம்ளர்ல ஊத்தற தண்ணிக்கு அண்டா எதுக்கு?

அப்புறம் 2001-ல வந்த எக்ஸ்.பி.யில ஒரு வதந்தி. '20 சதவீத ஸ்பீடை விண்டோஸே ஒளிச்சு வெச்சிருக்கு, இந்த செட்டிங்கை மாத்தி மீட்டெடு!'. ஏதாவது ஒரு புரோகிராம் முன்னுரிமை கேட்டாதான் அந்த ஒதுக்கீடு. கேட்காத நேரத்துல 100 சதவீதமும் நமக்குத்தான். மைக்ரோசாஃப்டே இதை விளக்கிச் சொல்லியும் வதந்தி அடங்கலை.

அப்போ எதுதான் பலிச்சுது? சின்னச் சின்ன விஷயங்கள்தான். டயல்-அப் செட்டிங்ல தேவையில்லாத 'நெட்பியூய்', 'ஐ.பி.எக்ஸ்.' டிக் மார்க்கை எடுத்தா, கனெக்ட் ஆகற நேரம் சில செகண்ட் மிச்சம். மோடம் போர்ட் வேகத்தை 1,15,200-ல வெச்சா, சுருக்கி வர்ற எழுத்துப் பக்கங்கள் தடையில்லாம உள்ளே வரும். பிரவுசர்ல படங்களை ஆஃப் பண்றது, விட்ட இடத்துலேர்ந்து தொடர்ற டவுன்லோடு மேனேஜர் போடறது, லைன்ல தொங்கற ரெண்டாவது போனைக் கழட்டறது, நைஞ்சு போன ஒயரை மாத்தறது... கடைசி ரெண்டுக்கும் ரெஜிஸ்ட்ரி வேண்டாம், ஸ்க்ரூடிரைவர் போதும்!

ஸ்டாப் 2: சுவாமி சிவானந்தா சாலை

டீ முடிஞ்சுதா? திரும்ப அண்ணா சாலைக்கு வந்து, பெரியார் சிலை பக்கம் கடல் நோக்கிப் பிரியற சுவாமி சிவானந்தா சாலையில திரும்புங்க. தூர்தர்ஷன் இருக்கற ரோடு. இதே ரோட்டுலதான் வி.எஸ்.என்.எல். கட்டடம். 1995 ஆகஸ்ட் 15-ம் தேதி இந்தியாவுல பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்ட நிறுவனம். அப்போ டயல்-அப் வேகம் 9,600 பிட். 2002-ல டாடா குழுமத்து கைக்குப் போய், 2008-ல டாடா கம்யூனிகேஷன்ஸ்னு பேர் மாறிடுச்சு.

இங்கே நின்னு ஒரு கேள்வி. மோடத்தோட உச்சம் ஏன் 56 ஆயிரத்துல நின்னுச்சு? டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மனுஷக் குரலுக்காகக் கட்டினது. குரலைச் செகண்டுக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 8 பிட்டா மாத்தும். பெருக்கிப் பாருங்க, 64 ஆயிரம். அதுதான் மொத்த வாசலோட அகலம். இழப்பு எல்லாம் போக, 1998-ல வந்த வி.90 மோடம் எட்டின உச்சம் 56 ஆயிரம். அதுவும் இறக்கத்துக்கு மட்டும்தான். ஏத்தத்துக்கு 33,600. வீட்டுக்குள்ள உட்கார்ந்து எந்த செட்டிங்கை மாத்தினாலும் எக்ஸ்சேஞ்ச்ல இருக்கற வாசல் அகலமாகாது!

ஸ்டாப் 3: கடல்

அப்படியே நேரா நடந்தா நேப்பியர் பாலம் பக்கம் காமராஜர் சாலை. எதிர்ல கடல். 2002-ல சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல 3,200 கிலோமீட்டருக்கு 'ஐ2ஐ' கடலடி கேபிளைப் போட்டாங்க. அதைச் செகண்டுக்கு 8.4 டெராபிட் தாங்கற மாதிரி வடிவமைச்சாங்க. 56 ஆயிரத்தால வகுத்துப் பாருங்க. 15 கோடி மோடம் ஒரே நேரத்துல முழு வேகத்துல ஓடலாம்!

அதாவது, கரையில கடல் மாதிரி பாதை வந்து நிக்குது. மயிலாப்பூர் வீட்டுல செகண்டுக்கு 5 கிலோபைட் சொட்டுது. அடைப்பு கம்ப்யூட்டர்ல இல்லை, எக்ஸ்சேஞ்சுக்கும் வீட்டுக்கும் நடுவுல! அதுக்கு சாட்சியும் உண்டு. 2005-ல பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வந்தப்போ, அதே பழைய செம்புக் கம்பியிலதான் 256 கிலோபிட் ஓடுச்சு. எக்ஸ்சேஞ்ச்ல வேற மெஷின் வெச்சு, குரல் வாசலைச் சுத்திப் போக வழி பண்ணாங்க. அவ்வளவுதான். வருஷக்கணக்கா ரெஜிஸ்ட்ரியை நோண்டியும் கிடைக்காதது அந்த ஒரே மாத்தத்துல கிடைச்சுடுச்சு.

அமெரிக்காவுல ஏ.ஓ.எல். நிறுவனம் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30-ம் தேதியோட நிறுத்திடுச்சு. 'கிர்ர்ர்' போயிடுச்சு, டுபாக்கூர் போகலை. 'நெட் ஸ்பீடு பூஸ்டர்' ஆப், 'டி.என்.எஸ். மாத்தினா டவுன்லோடு டபுள்'னு வீடியோ... டி.என்.எஸ். மாத்தினா சைட்டோட அட்ரஸைத் தேடற நேரம் கொஞ்சம் குறையலாம். பைப்போட சைஸ் மாறாது பாஸ்!

ஹாஸ்டல்ல நெட் இழுக்குதா? ரவுட்டர் பக்கத்துல நின்னு ஒரு தடவை, ரூம்ல நின்னு ஒரு தடவை, ராத்திரி பத்து மணிக்கும் காலையில ஆறு மணிக்கும் ஒரு தடவை ஸ்பீடு டெஸ்ட் போடுங்க. ரவுட்டர்கிட்ட நல்லா வந்து ரூம்ல இழுத்தா, வைஃபை சிக்னல் பிரச்னை. காலையில பறந்து ராத்திரி படுத்தா, கூட்ட நெரிசல். எப்பவுமே எங்கேயுமே இழுத்தா, வர்ற லைனே அவ்வளவுதான். நாலு நம்பரையும் ஒரு பேப்பர்ல எழுதி வார்டன்கிட்ட நீட்டுங்க. 'நெட் ஸ்லோ சார்'னு சும்மா புலம்பறதை விட அந்தப் பேப்பருக்கு மரியாதை ஜாஸ்தி.

சரி, இவ்வளவு தூரம் நடந்தாச்சு. மணல்ல உட்கார்ந்து ஒரு பொட்டலம் சுண்டல் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க!