முதலில் என்டரை அடக்குங்கள்

லிப்ரே ஆபீஸ் ரைட்டர் பழக வருகிறவர்கள் ஃபாண்ட் எங்கே, போல்டு எங்கே என்றுதான் கேட்பார்கள். நான் முதலில் காட்டுவது கன்ட்ரோல் எஃப்10. அழுத்தியதும் ஒளிந்து கிடந்ததெல்லாம் திரைக்கு வரும்: ஸ்பேஸ் தட்டிய இடத்தில் புள்ளி, டேப் தட்டிய இடத்தில் அம்பு, என்டர் தட்டிய இடத்தில் பத்திக்குறி. புத்தக வடிவமைப்புக்கு வரும் கோப்புகளை இப்படித் திறந்து பார்த்தால் எழுதியவரின் கைப்பழக்கம் முழுவதும் தெரிந்துவிடும். அத்தியாயத்தை அடுத்த பக்கத்துக்குத் தள்ள வரிசையாக என்டர், தலைப்பை நடுவில் நிறுத்த வரிசையாக ஸ்பேஸ். தட்டச்சுப்பொறியில் இதற்கு நியாயம் உண்டு. இங்கே முந்தைய பக்கத்தில் இரண்டு வரி கூடினால் அந்தத் தலைப்பும் இரண்டு வரி கீழே இறங்கிவிடும். புதுப் பக்கத்துக்குக் கன்ட்ரோல் என்டர் ஒரு தட்டு போதும்.

தமிழில் எழுதுகிறவரை ரைட்டர் இன்னொரு இடத்திலும் படுத்தும். ஆங்கிலத்துக்கு ஒரு ஃபாண்ட், தமிழ், இந்தி, அரபு வகைக்கு வேறொரு ஃபாண்ட் என்று அது தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. அளவும் போல்டும்கூடத் தனி. ஆங்கிலக் கட்டத்தில் லதா என்ற தமிழ் ஃபாண்டைப் போட்டுவிட்டு, எழுத்து மாறவில்லையே என்று பலர் விழிப்பது இதனால்தான். டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாக மொழிப் பகுதிக்குப் போய், காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் என்பதில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். நமக்கான கட்டம் வந்துவிடும். பாமினி என்ற பழைய ஃபாண்டில் பழகியவர்களுக்கு இது விநோதமாக இருக்கும். பாமினியில் கணினி பார்ப்பது ஆங்கில எழுத்தைத்தான். தமிழ் என்பது ஃபாண்ட் போட்ட வேஷம். அப்படிப்பட்ட கோப்பை யூனிகோடுக்கு மாற்றாமல் நான் தொடுவதே இல்லை.

பிறகு எஃப்11, ஸ்டைல் பட்டியல். என்னைக் கேட்டால் ரைட்டர் என்பதே இதுதான். ஒரு வரியைத் தேய்த்துப் போல்டு போட்டால் அது கறுப்பான வரி, அவ்வளவுதான். ஹெட்டிங் 1 கொடுத்தால் அது தலைப்பு என்று ரைட்டருக்கே தெரியும். பொருளடக்கத்தைப் பக்க எண்ணோடு அதுவே கட்டித் தரும். 300 பக்கப் புத்தகத்தில் தலைப்பின் அளவைக் கடைசி நேரத்தில் மாற்றச் சொன்னாலும் ஓரிடத்தில் மாற்றினால் போதும். வரி இடைவெளியையும் ஸ்டைலிலேயே வையுங்கள். 11 புள்ளி எழுத்துக்கு 15 புள்ளி என் கணக்கு. ஃபிக்ஸ்டு வைத்து ரொம்ப நெருக்கினால் 'கீ'யின் சுழி வெட்டுப்படும்.

எங்கிருந்தோ ஒட்டிய பத்தி ஸ்டைலுக்கு அடங்காமல் முரண்டு பிடித்தால் அதைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோல் எம் தட்டுங்கள்; ஒட்டிக்கொண்டு வந்த வடிவமைப்பு கழன்றுவிடும். கோப்பை ரைட்டரின் சொந்த வடிவமான ஓடிடியாகவே (.odt) வைத்துக்கொள்ளுங்கள். வேர்டு கோப்பு கேட்கிறவருக்கு, வேலை முடிந்தபின் ஒரு பிரதி மாற்றிக் கொடுக்கலாம்.